கல்லில் படிந்த டயாட்டம்களைக் கொண்டு ஆற்றுநீரின் தரம் அறிதல்: ஒரு செய்முறைப் பதிவு

ஆற்றில் கழிவுநீர் ஓடை ஒன்று வந்து கலக்கும் இடத்திற்கு மேலேயும் கீழேயும் நீரின் தரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை, கற்களின் மேல் வளரும் நுண்பாசிகளைக் கொண்டு மதிப்பிடுவதே இந்த வேலையின் நோக்கம். மின்கடத்துத்திறன், அமில காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைக் கையடக்கக் கருவிகளால் இரண்டு இடங்களிலும் முன்பே அளந்திருந்தேன். ஆனால் கருவி சொல்வது அதை நீரில் நுழைத்த அந்த நேரத்துச் செய்தியை மட்டுமே. ஓடையில் கழிவு எப்போதும் ஒரே அளவில் வருவதில்லை. பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் கரைந்த ஆக்சிஜன் ஏறுகிறது. இரவெல்லாம் நடக்கும் சுவாசத்தால் விடியலுக்குச் சற்று முன் அது மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே பிற்பகலில் அளப்பவருக்குக் கெட்டுப்போன ஆறுகூட நலமாகவே தோன்றும். கல்லில் ஒட்டி வாழும் பாசியோ இரவும் பகலும் அதே இடத்தில் இருந்து, தன் மேல் ஓடிய நீர் அத்தனைக்கும் ஈடுகொடுத்து வளர்ந்தது. எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் நிலைத்திருக்கின்றன என்பதில் கடந்த சில வாரங்களின் நீர்நிலை பதிவாகியிருக்கும்.

நுண்பாசிகளுள் டயாட்டம்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவற்றின் சுவர். ஒவ்வொரு டயாட்டமும் சிலிக்காவாலான இரண்டு ஓடுகளுக்குள் வாழும் ஒற்றைச் செல். சம்புடத்தின் மூடி அடிப்பகுதியைக் கவ்வி நிற்பதுபோல ஓர் ஓடு மற்றதன் விளிம்பைக் கவ்வியிருக்கும். செல் இறந்து, உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் முழுவதையும் வேதிப்பொருளால் நீக்கிய பின்னும் ஓடு அப்படியே எஞ்சும். ஓட்டின் வெளிவடிவம், அதன் மேல் உள்ள நுண்வரிகளின் நெருக்கம், நடுவில் நீளவாட்டில் ஓடும் பிளவு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான இனங்களை அடையாளம் காணலாம். பச்சைப்பாசிகளையும் நீலப்பச்சைப்பாசிகளையும் நிறமும் உருவமும் கெடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். டயாட்டம் ஸ்லைடை முறையாகச் செய்துவிட்டால் பத்தாண்டுகள் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். முன்பு எண்ணியவரின் முடிவைச் சரிபார்க்கலாம்.

இந்த வழி புதியதன்று. நீர்வாழ் உயிர்களை, அழுகும் கரிமப் பொருளைத் தாங்கும் திறனுக்கேற்ப வகைப்படுத்தும் முறையைக் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவர் 1902-ஆம் ஆண்டிலும் 1908-ஆம் ஆண்டிலும் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரூத் பேட்ரிக் 1940-களின் பிற்பகுதியில், ஆற்றின் நலத்தை அறிய டயாட்டம் உள்ளிட்ட உயிர்க் குழுக்களை ஒருங்கே ஆராய்ந்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த நீர்ச் சட்டக வழிகாட்டுதல், அடித்தளத்தில் ஒட்டி வளரும் பாசிகளையும் ஆற்றின் சூழல்நிலையை மதிப்பிடும் உயிர்களில் ஒன்றாகச் சேர்த்ததால், மாதிரி எடுப்பதற்கும் எண்ணுவதற்கும் அங்கே சீரான நெறிமுறைகள் உருவாயின. நான் பின்பற்றிய படிகள் பெரும்பாலும் அவற்றை ஒட்டியவை.

முதல் வேலை கல்லைத் தேர்ந்தெடுப்பது. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் பயனில்லை. ஒப்பிடப்போகும் இரண்டு இடங்களும் கழிவுநீரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இயன்றவரை ஒத்திருக்க வேண்டும்: நீரோட்டத்தின் வேகம், ஆழம், வெயில், கல்லின் அளவு எல்லாம். மடுவில் கிடக்கும் கல்லின் மேல் வண்டல் படிகிறது. மேலிருந்து அடித்துவரப்பட்ட இறந்த ஓடுகளும் அங்கே வந்து தங்குகின்றன. எனவே நீர் சலசலத்து ஓடும் ஆழம் குறைந்த பகுதியில், மரநிழல் விழாத இடத்தில், 64 முதல் 256 மி.மீ. வரை அகலமுள்ள கற்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதைவிடச் சிறிய கற்கள் சிறு வெள்ளத்திலும் உருண்டுவிடுவதால் அவற்றின் மேல் உள்ள பாசிப் படலம் முதிர்வதில்லை. பெரிய பாறைகளைத் தூக்க முடியாது. கல் குறைந்தது நான்கு வாரங்களாவது இடைவிடாமல் நீருக்குள் இருந்திருக்க வேண்டும். மழைவெள்ளம் வந்து போயிருந்தால் அதே அளவு காலம் காத்திருப்பதே முறை. வெள்ளம் கல்லை வழித்துவிட்டுப் போன பின் முதலில் குடியேறும் இனங்கள் நீரின் தரத்தைக் காட்டிலும் அந்த வெள்ளத்தைப் பற்றியே அதிகம் சொல்லும்.

ஓர் இடத்திற்கு ஐந்து கற்கள் வேண்டும். ஒரே கல்லின் மேற்பரப்பில்கூட டயாட்டம்கள் திட்டுத்திட்டாக வளர்வதால், ஒரு கல்லை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, ஒட்டாமல் மேலே கிடக்கும் வண்டல் போகும்படி ஆற்றுநீரிலேயே மென்மையாக அலசிவிட்டு, வெயில் படும் மேற்பரப்பை மட்டும் புதிய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, சுமார் 50 மி.லி. நீர் உள்ள வெள்ளைத் தட்டில் கழுவி இறக்க வேண்டும். ஐந்து கற்களின் தேய்ப்பும் அதே தட்டில் சேர்கிறது. நல்ல மாதிரியாக இருந்தால் நீர் பழுப்பாகக் கலங்கும். விரலால் தொட்டால் வழவழப்பு தெரிய வேண்டும்; நறநறவென்று இருந்தால் அது மணல். பிரஷை ஓர் இடத்தோடு ஒதுக்கிவிட்டு அடுத்த இடத்திற்கு வேறு பிரஷை எடுப்பது நல்லது. பிரஷின் இழைகளுக்கிடையே தங்கும் ஓடுகளைக் கழுவி முழுவதும் நீக்க முடியாது. அவை அடுத்த மாதிரியில் வந்து கலந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஓடை கலக்கும் இடத்திற்குக் கீழே கற்கள் வேறு மாதிரி இருந்தன. பலவற்றின் மேல் கிளாடோஃபோரா என்னும் நீண்ட பச்சை இழைப்பாசி படர்ந்திருந்தது. அந்த இழைகளின் மேலும் டயாட்டம்கள் ஒட்டி வாழும். ஆனால் அவை வேறு குடியிருப்பைச் சேர்ந்தவை. தட்டையான நீள்வட்ட ஓடுள்ள காக்கோனிஸ் பிளாசென்டுலா அத்தகைய இழைகளில் அடர்ந்து வளரக்கூடியது. இழைகளையும் சேர்த்துத் தேய்த்தால், மேலிடத்து மாதிரியையும் கீழிடத்து மாதிரியையும் பிரிப்பது நீரின் தரமா, அல்லது வளர்ந்த தளமா என்று சொல்ல இயலாமல் போகும். அதனால் இழையில்லாத கற்களைத் தேடி எடுத்தேன். சிறிதளவு இழை இருந்த கற்களில் அதை முதலில் கையால் உருவி அகற்றிவிட்டேன். அங்கே இழைப்பாசி மிகுந்திருந்தது என்பதைக் குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொண்டேன். ஊட்டச்சத்து மிகுந்த நீரில் அது தழைக்கும் என்பதால், எண்ணிக்கையில் சேராவிட்டாலும் அதுவும் ஒரு சான்றே.

தட்டில் சேர்ந்ததை இரண்டு புட்டிகளில் பிரித்தேன். ஒன்றில் எதையும் சேர்க்காமல் குளிர்ச்சியாக எடுத்துச் சென்று உயிருடன் பார்ப்பதற்கு வைத்தேன். மற்றதில் எத்தனால் சேர்த்துப் பதப்படுத்தினேன். லூகால் அயோடின் கரைசலையும் பலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கு எத்தனால் போதுமானதாக இருந்தது. இடம், நாள், கரையின் எந்தப் பக்கம் என்பவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன். பேனா மை எத்தனாலில் கரைந்து போகும்.

உயிருள்ள மாதிரியை ஒரு சொட்டு எடுத்து 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்ப்பதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. வேதிப்பொருளால் கழுவிய பிறகு, அங்கேயே வாழ்ந்த செல்லின் ஓட்டையும் மேலிருந்து மிதந்து வந்த இறந்த ஓட்டையும் வேறுபடுத்த வழியே இல்லை. உயிருள்ள செல்லுக்குள் பொன்பழுப்பு நிறத்தில் பசுங்கணிகம் தெரியும். வெற்று ஓடுகள் கண்ணாடிச் சில்லுகளாகத் தோன்றும். வெற்று ஓடுகள் மிகுந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பது நல்லது. என் இரண்டு மாதிரிகளிலும் பெரும்பான்மை உயிருள்ளவையாகவே இருந்தன. கீழிடத்து மாதிரியில் நடுப்பிளவுள்ள டயாட்டம்கள் நிறைய இருந்தன. அவை பிளவின் வழியாகச் சுரக்கும் பசையின் உதவியால், காலோ கசையிழையோ இல்லாமல், வண்டல் துகள்களுக்கிடையே முன்னும் பின்னும் வழுக்கிச் சென்றுகொண்டிருந்தன. அதே சொட்டில் ஆசிலட்டோரியா என்னும் நீலப்பச்சைப்பாசியின் இழைகளும், யூக்ளினா என்னும் ஒற்றைச்செல் உயிர் ஒன்றிரண்டும் தெரிந்தன. பாமர் என்ற ஆய்வாளர் 1969-இல் வெளியிட்ட அட்டவணை இந்த இரு பேரினங்களையும் கரிம மாசைத் தாங்குவனவற்றின் முன்வரிசையில் வைக்கிறது. அந்த அட்டவணைப்படி மாதிரியில் காணப்படும் பேரினங்களின் மதிப்பெண்களைக் கூட்டி 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கரிம மாசு மிகுதி என்று கொள்வார்கள். பேரின அளவிலேயே நின்றுவிடுவதால் அது மிகப் பரும்படியான அளவுகோல். ஆயினும் ஸ்லைடு தயாராகும் முன்பே ஒரு முதல் கணிப்பைத் தந்துவிடும்.

அடுத்தது ஓடுகளைச் சுத்தம் செய்வது. கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று பல வழிகள் உண்டு. மாதிரியில் கால்சியம் இருந்தால் கந்தக அமிலம் அதோடு சேர்ந்து கரையாத கால்சியம் சல்பேட்டுப் படிகங்களை உண்டாக்கி ஸ்லைடையே கெடுத்துவிடும். வீட்டு வெளுப்பானைக் கொண்டு விரைவாகச் சுத்தம் செய்வோரும் உண்டு. அதன் காரத்தன்மை சற்று நேரம் கூடினாலும் மெல்லிய ஓடுகளை அரித்துவிடும். அதனால் 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தேர்ந்தேன். இந்தச் செறிவில் அது தோலைச் சுட்டு வெளுக்கச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

எத்தனால் சேர்த்த மாதிரியை முதலில் படியவிட்டு, மேல்நீரை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிய பிறகே பெராக்சைடிடம் கொண்டுபோக வேண்டும். உயரமான பீக்கரில் 5 மி.லி. அளவு அடர்ந்த மாதிரியை எடுத்து, 20 மி.லி. பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். கரிமப் பொருள் மிகுந்த கீழிடத்து மாதிரி உடனே நுரைத்துப் பொங்கியது; பீக்கரின் உயரம் இதற்காகத்தான். பொங்கல் அடங்கிய பின், கடிகாரக் கண்ணாடியால் மூடி, ஹாட் பிளேட்டில் சுமார் 90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தேன். வற்றிவிடாமல் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். பழுப்பு நிறம் மாறி, அடியில் வெண்சாம்பல் நிறப் படிவு மட்டும் எஞ்சியபோது அடுப்பிலிருந்து இறக்கி, ஆறிய பின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டேன். கார்பனேட்டுகள் கரைந்து போவதற்காக இது.

அதன் பின் அலசும் வேலை. அதில் பொறுமையைத் தவிர வேறு நுட்பம் இல்லை. காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, படியவிட்டு, மேல்நீரை வடித்து, அமிலத்தன்மை அறவே நீங்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், மிகச் சிறிய ஓடுகளை மனத்தில் கொண்டே நேரத்தைக் கணக்கிட வேண்டும். நீரின் ஆழத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அவசரமாக வடிப்பவர் இழப்பது சிறிய இனங்களை. மாசைத் தாங்கும் இனங்களில் பல சிறியவை. ஆக, அவசரத்தால் ஆறு உள்ளதைவிடச் சுத்தமானதாகக் கணக்கில் வந்துவிடக்கூடும். மையவிலக்கி இருந்தால் நேரம் மிச்சம். ஆனால் வேகத்தைக் கூட்டினால் நீண்ட மெல்லிய ஓடுகள் ஒடிந்துபோகும்.

மேலிடத்து மாதிரி இத்தோடு முடிந்தது. கீழிடத்து மாதிரியில் வண்டல் எஞ்சியது. மணலும் களிமண்ணும் கனிமங்கள். பெராக்சைடு அவற்றை ஒன்றும் செய்யாது. பீக்கரைச் சுழற்றிச் சில விநாடிகள் விட்டு, பருமணல் அடியில் தங்கியதும் மேலே மிதப்பதை வேறு பீக்கருக்கு மாற்றினேன். களிமண் துகள்களோ ஓடுகளோடு ஒட்டித் திரண்டிருந்தன. கடைசி அலசல் நீரில் நீர்த்த அம்மோனியா சில துளிகள் சேர்த்தபோது திரட்சி உடைந்தது. ஓடுகள் படிந்த பிறகும் களிமண் மிதந்துகொண்டிருந்ததால் அதை வடித்துவிட முடிந்தது. முழுவதும் போகவில்லை. எண்ணுவதற்குத் தடையில்லாத அளவுக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

ஸ்லைடு செய்வதுதான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டயாட்டம் ஓட்டின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.43. நீரின் எண் 1.33; நுண்ணோக்கி வேலைகளில் வழக்கமாகப் பயன்படும் கனடா பால்சத்தின் எண் சுமார் 1.53. ஓடு இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எதில் வைத்தாலும் வேறுபாடு 0.1 அளவே, நுண்வரிகள் மங்கிப்போய், ஓட்டின் வெளிக்கோடு மட்டும் தெரியும். நாஃப்ராக்ஸ் என்னும் பிசினின் எண் சுமார் 1.73. வேறுபாடு மும்மடங்காகிறது, வரிகள் தெளிவாகத் துலங்குகின்றன. இனத்தைப் பிரித்தறிய வரிகளே துணை என்பதால் இந்தப் பிசினில் சிக்கனம் பார்ப்பது சரியன்று.

சுத்தம் செய்த ஓடுகள் கலந்த நீரைக் கண்ணாடித் தகட்டின் மேல் விடாமல், 0.17 மி.மீ. தடிமனுள்ள கவர் ஸ்லிப்பின் மேல் விட வேண்டும். உயர்ந்த உருப்பெருக்கத்தில் எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பார்க்கும் எண்ணெய் வில்லை குவியும் தூரம் மிகக் குறைவு. ஓடுகள் கவர் ஸ்லிப்பில் ஒட்டியிருந்தால்தான் வில்லைக்கு எட்டும். சொட்டைச் சூடாக்கி விரைவில் உலர்த்தினால் ஓடுகள் விளிம்பில் வளையமாகக் குவிந்துவிடும். அறை வெப்பத்தில், அசையாத இடத்தில், தூசு படாமல் மூடி உலரவிட்டால் சீராகப் பரவும். உலர்ந்ததும் பிசின் வைக்கும் முன்பே 400 மடங்கில் ஒருமுறை பார்த்துவிடலாம். அப்போது ஓட்டைச் சுற்றி இருப்பது காற்று என்பதால் நன்றாகவே தெரியும். அடர்த்தி சரியா என்று முடிவு செய்ய அதுவே தக்க தருணம். 1000 மடங்கில் ஒரு பார்வைப்புலத்திற்குப் பத்துப் பதினைந்து ஓடுகள் இருப்பது வசதி. அதற்கு மேல் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கீழிடத்து மாதிரியை மேலிடத்ததைவிட அதிகமாக நீர்க்க வேண்டியிருந்தது. எஞ்சிய களிமண் ஓடுகளை மறைத்ததே காரணம்.

கண்ணாடித் தகட்டில் பிசின் ஒரு துளி வைத்து, கவர் ஸ்லிப்பை ஓடுகள் கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து, சூடான தட்டில் குமிழிகள் எழுந்து அடங்கும் வரை வைத்தேன். வெளியேறுவது டொலுயீன் ஆவி; இதையும் கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். ஆறிய பின் நகத்தால் நெருடினால் கவர் ஸ்லிப் நகரக் கூடாது. நகர்ந்தால் மீண்டும் சூடாக்க வேண்டும்.

எண்ணுவதற்கு 1000 மடங்கு உருப்பெருக்கமும் எண்ணெய் வில்லையும் இன்றியமையாதவை. பச்சை ஒளியில், எண்துளை (வில்லை ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) 1.25 உள்ள வில்லையால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 0.27 மைக்ரோமீட்டர். நிட்ஸ்சியா பேலியா என்ற இனத்தில் 10 மைக்ரோமீட்டருக்கு 28 முதல் 40 வரை நுண்வரிகள் இருப்பதாகத் துணைநூல்கள் கூறும். அதாவது இடைவெளி 0.36 முதல் 0.25 மைக்ரோமீட்டர் வரை. ஒளி நுண்ணோக்கியின் எல்லையும் இந்த இனத்தின் வரியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே இதன் வரிகளைப் பல ஓடுகளில் எண்ண முடியாது. ஓட்டின் நீள அகலம், நுனியின் வடிவம், விளிம்பில் வரிசையாகத் தெரியும் தடித்த புள்ளிகளின் நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஐயமுள்ள ஒவ்வொன்றையும் படமெடுத்து, எண்ணிட்டு, ஓரளவு சேர்ந்த பிறகு ஒன்றாக வைத்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டு இனங்களாகத் தோன்றியவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே இனத்தின் வெவ்வேறு அளவுகளாக இருந்தன. டயாட்டம் பிளவுறும்போது புதிய ஓடு பழைய ஓட்டுக்குள்ளேயே உருவாவதால் ஒரு கால்வழி தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே வரும். பாலினப் பெருக்கத்தால்தான் மீண்டும் முழு அளவை அடையும். அளவை மட்டும் வைத்து இனம் பிரிப்பவர் இதை மறக்கக் கூடாது.

ஸ்லைடின் ஓர் ஓரத்திலிருந்து நேர்க்கோட்டில் நகர்ந்து, எதிர்ப்படும் ஒவ்வோர் ஓட்டையும் எண்ண வேண்டும். அழகானவற்றையும் தெரிந்தவற்றையும் தேடிப் போகக் கூடாது. முழுக்கூடாகக் கிடந்தால் இரண்டு ஓடுகள் என்று கணக்கு. உடைந்தவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எஞ்சியவற்றை மட்டும் சேர்த்தேன். பக்கவாட்டில் நிற்பவை இனம் தெரியாமல் தொல்லை தரும்; அவற்றைப் பேரின அளவில் எழுதி, மேற்புறம் தெரியக் கிடந்த ஓடுகளில் கண்ட இனங்களின் விகிதப்படி பின்னர் பங்கிட்டேன்.

ஒரு ஸ்லைடுக்கு 400 ஓடுகள் எண்ணினேன். மாதிரியில் பத்து விழுக்காடு உள்ள ஓர் இனத்தை 400 ஓடுகளில் மதிப்பிட்டால், தற்செயலால் மட்டுமே வரும் திட்டப்பிழை 1.5 விழுக்காடு; அதன் இருமடங்கு வரை விலகுவது இயல்பு, ஆக, மதிப்பீடு ஏறத்தாழ 7-க்கும் 13-க்கும் இடையில் எங்கும் விழலாம். 100 ஓடுகளோடு நிறுத்திக்கொண்டால் அந்த எல்லை 4 முதல் 16 வரை விரிந்துவிடும். 400-லிருந்து 800-க்குப் போனால் உழைப்பு இரட்டிக்கிறது, பிழையோ முப்பது விழுக்காடுதான் குறைகிறது. கண் களைத்த பிறகு எண்ணும் கூடுதல் ஓடுகளால் வரும் தவறான அடையாளங்கள் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும் என்றே நினைக்கிறேன்.

எண்ணியதைச் சுட்டெண்ணாக, அதாவது நீரின் தரத்தைக் காட்டும் ஒற்றை எண்ணாக, மாற்றும் கணக்கு எளிது. பெரும்பாலான டயாட்டம் சுட்டெண்கள் செலிங்கா, மார்வான் என்ற ஆய்வாளர்கள் 1961-இல் தந்த வாய்பாட்டை அடிப்படையாகக் கொண்டவை. ஒவ்வோர் இனத்திற்கும் மாசுக்கு அது காட்டும் உணர்திறனுக்கு ஒரு மதிப்பும், அது எவ்வளவு குறுகிய சூழல் எல்லைக்குள் வாழ்கிறது என்பதற்கு ஓர் எடையும் அட்டவணையில் உண்டு. மிகுதி (மாதிரியில் அந்த இனத்தின் பங்கு), உணர்திறன், எடை மூன்றையும் பெருக்கி எல்லா இனங்களுக்கும் கூட்டி, மிகுதியும் எடையும் பெருக்கிக் கூட்டியதால் வகுக்க வேண்டும். உணர்திறன் 5, எடை 1 உள்ள ஓர் இனமும், உணர்திறன் 1, எடை 3 உள்ள மற்றோர் இனமும் சரிபாதியாக இருப்பதாகக் கொள்வோம். வெறும் சராசரி 3. எடையிட்ட சராசரி 2. பிரான்சில் 1982-இல் உருவான மாசு உணர்திறன் சுட்டெண்ணில் இதை 4.75-ஆல் பெருக்கி 3.75-ஐக் கழித்து 20-க்கு மாற்றுவார்கள்; எண் உயர்ந்தால் நீர் சுத்தம். வெறும் சராசரிக்கு 10.5, எடையிட்டதற்கு 5.75. எங்கும் வாழக்கூடிய இனம் நூறு இருந்தாலும் அதன் சாட்சியத்திற்கு மதிப்புக் குறைவு, குறிப்பிட்ட சூழலில் மட்டுமே வாழும் இனத்தின் சாட்சியத்திற்கு மதிப்பு அதிகம் என்பதே எடையின் பொருள்.

எதிர்பார்த்தபடியே கீழிடத்தின் சுட்டெண் மேலிடத்தைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. ஆனால் அந்த ஒற்றை எண்ணைவிட, அது உருவாகக் காரணமான இனப்பட்டியலே எனக்குப் பயன்பட்டது. மேலிடத்து ஸ்லைடில் அக்னாந்திடியம் மினுட்டிசிமம் என்ற மிகச் சிறிய இனம் முதன்மையாக இருந்தது. சிம்பெல்லா வகைகளும் உடன் இருந்தன. ஆக்சிஜன் நிறைந்த நீருக்கு அக்னாந்திடியம் நல்ல அடையாளம்தான். எனினும் வழித்தெடுக்கப்பட்ட கல்லில் முதலில் குடியேறுவதும் அதுவே. கன உலோகம் கலந்த நீரிலும் அது நிலைத்து நிற்கும். ஆகவே அதன் பெரும்பான்மையைக் கண்டவுடன் நீர் சுத்தம் என்று எழுதிவிட முடியாது. உடன் வாழும் இனங்கள் எத்தனை வகை, கோணலாகவோ வரிகள் குலைந்தோ உருக்கெட்ட ஓடுகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் மிகுந்த ஆறுகளில் உருக்கெட்ட ஓடுகள் கூடுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. என் மேலிடத்து ஸ்லைடில் இனவகை நிறைந்திருந்தது. உருக்கேடு கண்ணில் படவில்லை.

கீழிடத்தில் நிட்ஸ்சியா பேலியாவும் கோம்போனீமா பார்வுலமும் சிறிய செல்லாஃபோரா வகைகளும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. முதலிரண்டும் கரிம மாசைத் தாங்குவனவாக நெடுங்காலமாக அறியப்பட்டவை. இவற்றோடு நாவிகுலா, சூரிரெல்லா போன்ற நகரும் இனங்களும் கூடியிருந்தன. நகரும் இனங்கள் வண்டல் மூடினாலும் மேலே ஏறி வந்துவிடும். ஒட்டி வாழ்பவை புதைந்துபோகும். ஆக, கீழிடத்தில் இரண்டு தொல்லைகள் ஒருசேர உள்ளன: சாக்கடையின் கரிமப் பொருள் ஒன்று, கல்லை மூடும் வண்டல் மற்றொன்று. சுட்டெண் இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடுகிறது. இங்கிலாந்தில் கெல்லி, விட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995-இல் ஊட்டச்சத்துச் சுட்டெண்ணை வெளியிட்டபோது, மாசு தாங்கும் இனங்களின் விழுக்காட்டையும் உடன் எழுதச் சொன்னது இதுபோன்ற காரணத்தால்தான்: சுட்டெண் காட்டும் மாற்றம் பாஸ்பரஸாலா, கரிம மாசாலா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். நான் இவற்றோடு நகரும் இனங்களின் விழுக்காட்டையும் தனி நிரலாக எழுதிக்கொண்டேன்.

அட்டவணை மதிப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. அவை ஐரோப்பிய ஆறுகளில் அளந்து பெறப்பட்டவை. உலகெங்கும் வாழும் இனங்களுக்கு அவை ஓரளவு பொருந்தலாம். ஒரு நிலப்பகுதிக்கே உரிய இனங்கள் அந்த அட்டவணையில் இருக்கவே இருக்காது, இல்லாத இனம் கணக்கிலிருந்து சத்தமின்றி விழுந்துவிடும். எனவே ஒவ்வொரு ஸ்லைடிலும் எத்தனை விழுக்காடு ஓடுகள் கணக்கில் சேர்ந்தன என்பதைச் சுட்டெண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அந்த விழுக்காடு குறைவாக இருந்தால் சுட்டெண்ணை ஆற்றுக்கு ஆறு ஒப்பிடாமல், ஒரே ஆற்றின் மேலிடம் கீழிடம் என்ற அளவில் மட்டும் பயன்படுத்துவதே நேர்மை.

ஸ்லைடுகளுக்குப் போக எஞ்சிய சுத்தமான ஓடுகளை எத்தனாலில் சிறு புட்டிகளில் வைத்திருக்கிறேன். டயாட்டம் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன. ஓர் இனமாகக் கருதப்பட்டது நான்காகப் பிரிக்கப்படுகிறது. அப்போது பழைய பட்டியலைத் திருத்த ஸ்லைடும் புட்டியும் வேண்டும். சுத்தம் செய்யாத மாதிரியிலும் ஒரு பங்கை எத்தனாலில் குளிரூட்டி வைத்துள்ளேன், ஆர்.பி.சி.எல். என்னும் பசுங்கணிக மரபணுவைப் படித்து டயாட்டம் இனங்களைக் கண்டறியும் முறைக்குச் செல்லின் டி.என்.ஏ. வேண்டும், பெராக்சைடில் கழுவிய ஓட்டில் அது எஞ்சாது. அடுத்து, நீர் குறைந்த பருவத்தில் இதே இரண்டு இடங்களில் மாதிரி எடுக்கவும், கழிவு கலந்த நீர் எவ்வளவு தொலைவில் தேறுகிறது என்பதை அறியக் கீழிடத்திற்கும் கீழே மூன்றாவது இடம் ஒன்றைச் சேர்க்கவும் திட்டம். அங்கே தகுந்த கற்கள் இல்லை. ஆகையால் மெருகிடாத டைல்களை நான்கு வாரங்கள் நீரில் பதித்து வைத்து, ஒப்பீட்டுக்காக மற்ற இரண்டு இடங்களிலும் கற்களோடு கூடவே அதே டைல்களைப் பதிக்க வேண்டியிருக்கும்.